புல்கோகி: நெருப்புக் கறியும் அதை வெட்டியவர்களும்

சென்ற இதழின் வரலாற்றுப் பக்கத்தில் மிளகாய் நம் ஊருக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்டிலும் நடைபாதையிலும் நிறுத்திப் பேசியவர்களுக்கு நன்றி. இந்த முறை எதைப் பற்றி எழுதுவது என்று யோசிக்கும் வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டு பால்கனிப் புகை அதை முடிவு செய்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், கொரியத் தொடர்களில் பார்த்த புல்கோகியைச் செய்து தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். மசாலாவில் ஊறவைத்த மாட்டுக்கறியை நெருப்பில் வாட்டி, சுடுசோற்றின் மேல் வைத்துச் சாப்பிடுவது. "அடுப்பில் செய்தால் அந்த மணம் வராதும்மா" என்று சொல்லி, பால்கனியில் கரி அடுப்பு மூட்டினாள். பத்தே நிமிடத்தில் மேல் வீட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார். "டீச்சர், என்ன சமைக்கிறீங்கன்னு கேக்க வரல. அம்மாவுக்கு வீசிங் இருக்கு. புகை நேரா அவங்க ரூமுக்குத்தான் வருது" என்றார். உடனே அடுப்பை அணைத்தோம். மன்னிப்பும் கேட்டோம். அத்துடன் முடிந்தது.

முடியாத விஷயம் ஒன்று அன்று காலையிலேயே நடந்திருந்தது. கறி கொண்டுவந்த கடைத் தம்பியை கேட்டிலேயே நிறுத்தி, பையை வெளிச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரத்தில் டிபன் கொண்டுவந்தவரும் கூரியர்க்காரரும் மேலே வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நான் கீழே போய்க் கேட்டபோது செக்யூரிட்டி அண்ணன், "கறிக்கடை ஆளுங்களை மேல அனுப்ப வேணாம்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றார். யார் சொன்னார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. நம் அசோசியேஷன் விதிகளை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை.

மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. புகையைப் பற்றிய பேச்சு, யார் எதைச் சமைக்கலாம் என்ற பேச்சாக மாறியது. நான் அதில் பதில் எதுவும் போடவில்லை. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவளுக்கு வேறு என்ன தெரியும்? புல்கோகியின் வரலாற்றைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்தால், நம் குழுவில் ஓடிய இரண்டு கேள்விகளும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன.

பெயரில் இருக்கும் நெருப்பு

'புல்' என்றதும் மாடு தின்னும் புல் நினைவுக்கு வரும். கொரிய மொழியில் அதற்கு நெருப்பு என்று பொருள். 'கோகி' என்றால் இறைச்சி. நெருப்புக் கறி என்பதுதான் பெயர். எரிகிற காரம் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் மிளகாயே கிடையாது. சோயா சாஸ், பூண்டு, வெங்காயத்தாள், நல்லெண்ணெய், எள், மிளகு, கொஞ்சம் இனிப்பு, இவ்வளவுதான்.

இதன் தொடக்கத்தைக் கொரியர்கள் மிகப் பழைய காலத்துக்குக் கொண்டுபோவார்கள். வடக்கே கோகுரியோ அரசு இருந்த காலத்தில், மசாலா தடவிய இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் 'மெக்ஜோக்' என்ற உணவு இருந்ததாகவும், அதுவே புல்கோகியின் முன்னோடி என்றும் சொல்வது வழக்கம். பின்னால் வந்த கொரியோ அரசு புத்த மதத்தை ஆதரித்தது. உயிர்க்கொலை குறைந்தது, இறைச்சிச் சமையலும் மங்கியது. 1231இல் மங்கோலியர் படையெடுப்பு தொடங்கியது. அவர்களுடைய ஆதிக்கம் நீடித்த காலத்தில் இறைச்சி உண்ணும் பழக்கம் மறுபடி வலுப்பெற்றது.

அதற்குப் பிறகு வந்த ஜோசன் அரசு 1392 முதல் 1910 வரை நீடித்தது. அந்தக் காலத்துச் சமையல் குறிப்புகளில் ஓர் அழகான உணவு வருகிறது. அதன் பெயருக்குப் 'பனி பெய்யும் இரவில் தேடிப் போவது' என்று பொருள். கம்பியில் கோத்த மாட்டுக்கறியை எண்ணெய் தடவிச் சுட்டு, பாதி வெந்ததும் குளிர்ந்த நீரில் முக்கி, மறுபடி சுடுவார்கள். இப்படி இரண்டு மூன்று முறை. வெளிப்புறம் கருகாமல் உள்ளே மிருதுவாக வேக அது ஒரு வழி.

அரண்மனையிலும் சியோல் நகரப் பெரிய வீடுகளிலும் வேறொரு முறை இருந்தது. கறியை அகலமாக, மெல்லிசாக அரிந்து, கத்தியால் லேசாகக் கீறி, சோயா சாஸில் ஊறவைத்துச் சுடுவார்கள். அதற்கு 'நொபியானி' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'சியுய்ஜொன்சொ' என்ற சமையல் நூலில் இந்தப் பெயர் வருகிறது. இன்றைய புல்கோகிக்கு நேரான மூத்த உறவு இதுதான்.

தடையும் இருந்தது, சாப்பாடும் இருந்தது

ஜோசன் அரசு மாடுகளை அறுப்பதற்குத் தடை விதித்திருந்தது. காரணம் மதம் அன்று, ஏர். உழவு மாடு இல்லாவிட்டால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் வரி இல்லை. அதனால் அனுமதி இல்லாமல் மாட்டை அறுப்பது குற்றம். அரசர்கள் மாறி மாறி இந்த ஆணையைப் பிறப்பித்தார்கள். ஓர் ஆணையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்றால் அதை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். நம் பார்க்கிங் சுற்றறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

மேல்தட்டினர் மாட்டுக்கறியை விரும்பிச் சாப்பிட்டார்கள். மூதாதையர் வழிபாட்டிலும் அது படைக்கப்பட்டது. தலைநகரில் அனுமதி பெற்ற மாட்டுக்கறிக் கடைகளே இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் சொங்கியுங்வான் என்ற உயர் கன்பூசியக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த அடிமைக் குடிகள். நாட்டின் ஒழுக்கத்தைக் கற்பித்த கல்விக்கூடத்தின் ஆட்கள்தான் தலைநகருக்கு மாட்டுக்கறியும் விற்றார்கள்.

ஆக, சாப்பிடுவதில் இழிவு இல்லை. அறுப்பதில்தான் இழிவு என்று வைத்தார்கள்.

வெட்டியவர்கள்

தலைநகருக்கு வெளியே மாடு அறுப்பதும் தோல் பதனிடுவதும் கூடை முடைவதும் ஒரு பிரிவினரின் பிறவித் தொழிலாக இருந்தன. அவர்களுக்குப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள்.

கொரியோ காலத்தில் 'பெக்ஜோங்' என்றால் சாதாரண உழவர்கள் என்றுதான் பொருள். தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த நாடோடிக் குழுக்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. கொரிய எழுத்தை உருவாக்கிய அதே செஜோங் மன்னர், 1423இல் அந்தக் குழுக்களுக்கும் பெக்ஜோங் என்ற பெயரைக் கொடுத்தார். பெயர் ஒன்றானால் மக்களும் ஒன்றாவார்கள் என்பது எண்ணம். நடந்தது நேர்மாறு. ஊர்க்காரர்கள் இவர்களைப் 'புது பெக்ஜோங்' என்று பிரித்துச் சொன்னார்கள். பிறகு அந்தப் பெயரையே தாங்கள் கைவிட்டுவிட்டார்கள். உழவரைக் குறித்த சொல் வசைச் சொல்லாயிற்று. ஆள் மேல் இருந்த அருவருப்பு மாறாததால், நல்ல பெயரும் அழுக்காகிவிட்டது.

அதன் பிறகு நிலைமை இறுகிக்கொண்டே போயிற்று. பெக்ஜோங் மக்கள் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பில் வாழ வேண்டும். வீட்டுக்கு ஓடு போடக் கூடாது. பட்டு உடுத்தக் கூடாது. மற்ற ஆண்கள் அணியும் குதிரைமயிர்த் தொப்பியை அணியக் கூடாது. கல்யாணத்தில் குதிரையோ பல்லக்கோ கூடாது, சாவில் பாடை கூடாது. கொரிய மொழியில் மரியாதைப் பேச்சும் கீழ்ப் பேச்சும் நம் 'நீங்கள்', 'நீ'யைவிடக் கறாராகப் பிரிந்திருக்கும். ஒரு கிழவர் பெக்ஜோங்காக இருந்தால், ஊர்ச் சிறுபிள்ளைகூட அவரைக் கீழ்ப் பேச்சில்தான் அழைக்கும். அவரோ அந்தப் பிள்ளையிடம் பணிந்து பேச வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நமக்குக் கறி கொண்டுவருபவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். நம் குழுவில் அவரைக் 'கறிக்கடைப் பையன்' என்றுதான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

1894இல் கொரிய அரசு காபோ சீர்திருத்தத்தின் மூலம் பிறப்பு வழிப் படிநிலைகளை ஒழித்தது. அடுத்து நடந்ததைச் சொல்ல ஒரு குடும்பம் போதும். பாக் சொங்சுன் என்ற பெக்ஜோங் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, அரசருக்கு வைத்தியம் பார்த்த கனடிய மருத்துவர் ஆலிவர் ஏவிசன் அவருடைய வீட்டுக்கே போய்ச் சிகிச்சை அளித்தார். அரசரைத் தொட்ட கை தன்னையும் தொட்டது அவரை உலுக்கிவிட்டது. தொப்பி அணியும் உரிமை கேட்டுத் தம் மக்களோடு மனுக் கொடுத்துப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1898இல் சியோலில் அதிகாரிகளும் பொதுமக்களும் சேர்ந்து கூடிய பெருங்கூட்டத்தில் எழுந்து பேசினார். நாட்டை ஒரு பெரிய பந்தலுக்கு ஒப்பிட்டு, ஒற்றைக் காலில் பந்தல் நிற்காது, பல கால்கள் வேண்டும் என்ற கருத்தில் பேசினார். அவருடைய மகன் பாக் சொயாங், 1908இல் செவரன்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் அணியில் பட்டம் பெற்ற ஏழு பேரில் ஒருவர்.

தராசின் பெயரில் ஒரு சங்கம்

சட்டம் மாறியது, ஊர் மாறவில்லை. 1910இல் ஜப்பான் கொரியாவைக் கைப்பற்றியது. புதிய குடும்பப் பதிவேடுகளில் பெக்ஜோங் குடும்பங்களுக்கு நேரே கசாப்புக்காரர் என்ற குறிப்போ சிவப்புப் புள்ளியோ இடப்பட்டது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் பதிவேட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் இடம் இல்லை.

தெற்கே ஜின்ஜு என்ற ஊர் மாட்டுக்கறிக்குப் பேர்போனது. அங்கே வசதியான ஒரு கசாப்புக்காரர் தம் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காமல் திரும்பினார். பள்ளிக்குப் பணம் கொடுக்கலாம், பிள்ளையைக் கொடுக்க முடியாது என்ற நிலை. இந்த மனக்குமுறல்தான் 1923 ஏப்ரலில் ஜின்ஜுவில் 'ஹியோங்பியோங்சா' என்ற சங்கம் தொடங்க ஒரு காரணம். அந்தப் பெயர் தராசுக் கோலைக் குறிக்கும் எழுத்தில் தொடங்குகிறது. கசாப்புக் கடையில் தினமும் கையில் பிடிக்கும் தராசு எப்படிச் சமமாக நிற்கிறதோ, அப்படி மனிதர்களும் நிற்க வேண்டும் என்பது கருத்து. செஜோங் மன்னர் பெயர் மாற்றி, சரியாக 500 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சங்கத்தை நடத்தியவர்களில் ஜாங் ஜிபில் பெக்ஜோங் குடும்பத்தில் பிறந்து ஜப்பானில் படித்துத் திரும்பியவர். காங் சாங்ஹோ ஜின்ஜுவின் வசதியான மேல்குடிக்காரர். அவரை ஊரார் 'புது பெக்ஜோங்' என்று கேலி செய்தார்கள். ஐந்நூறு வருடப் பழைய வசை, இன்னும் கூர் மழுங்காமல் இருந்திருக்கிறது.

எதிர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே ஜின்ஜுவில் எதிர்ப்பாளர்கள் திரண்டு, இனி மாட்டுக்கறியே வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். அவ்வளவு பிரியமாகச் சாப்பிட்ட கறியை விடத் துணிந்தார்கள். வெட்டித் தருபவர் சமமாக நிற்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

சங்கம் நாடெங்கும் கிளைகள் விட்டது. பதிவேட்டுக் குறிப்புகளை நீக்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் போராடியது. 1935இல் பெயரும் போக்கும் மாறி மங்கியது. இன்றைய கொரியாவில் யார் பெக்ஜோங் வழிவந்தவர் என்று கேட்பாரும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. கொரியப் போர் எல்லாரையும் இடம் பெயர்த்துக் கலக்கிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஜின்ஜுவில் 1996இல் இந்த இயக்கத்துக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

பைன் மரங்களின் கீழே புகை

இனி நம் பால்கனிக்கு வருவோம். சங்கம் மங்கிய அதே 1935இல், மே மாதம், பியாங்யாங் நகரத்திலிருந்து ஒரு செய்தி தோங்-ஆ இல்போ நாளிதழில் வந்தது.

பியாங்யாங் பகுதி மாடுகள் அப்போது கறிக்குப் பேர் பெற்றவை. தெதோங் ஆற்றங்கரையில் மொரான்பொங் என்ற குன்றும் பைன் மரத் தோப்பும் உண்டு. வசந்த காலத்தில் மக்கள் அங்கே கூடி, மரத்தடியில் அடுப்பு மூட்டி, புல்கோகி சுட்டு, மதுவோடு சாப்பிடுவார்கள். அது அந்த இடத்தின் சிறப்பாகவே ஆகிவிட்டது. கூட்டம் பெருகப் பெருகப் புகையும் பெருகியது. உலாவ வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், பைன் மரங்களுக்கும் கேடு என்றார்கள். முடிவில், அந்தத் தோப்பில் திறந்த வெளியில் புல்கோகி சுடக் கூடாது என்று தடை வந்தது.

இந்தத் தடையை நான் இரண்டு முறை படித்தேன். புல்கோகி சாப்பிடக் கூடாது என்று அது சொல்லவில்லை. இன்னார் வரக் கூடாது என்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் புகை போடாதே, உள்ளே போய்ச் சுடு என்றது, அவ்வளவுதான். ஏமாற்றப்பட்டவர்கள் மரத்தடியில் மது அருந்த வந்தவர்கள் மட்டுமே. மேல் வீட்டு அக்கா கேட்டதும் இதைத்தான்.

கறி குறைவு, சாறு அதிகம்

1945இல் விடுதலை, உடனே நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950 முதல் 1953 வரை போர். வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களில் பலர் சியோலில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். பியாங்யாங்கின் குளிர்ந்த நூடுல்ஸும் புல்கோகியும் அவர்களோடு வந்தன. 1946இல் தொடங்கிய 'வூ லே ஓக்' இன்றும் சியோலில் நடக்கிறது.

சியோலில் புல்கோகி உருவம் மாறியது. நடுவில் மேடு தட்டி, சுற்றிலும் வாய்க்கால் போல் பள்ளம் வைத்த தட்டு வந்தது. மேட்டில் கறி வேகும், வடியும் சாறும் ஊற்றிய சூப்பும் பள்ளத்தில் சேரும். அதில் காளானும் வெங்காயமும் சேமியா போன்ற கண்ணாடி நூடுல்ஸும் போடுவார்கள். மிஞ்சிய சாற்றில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார்கள். ருசிக்காக மட்டுமல்ல, கறி விலை அதிகமாக இருந்த காலத்தில் கொஞ்சம் கறியை ஒரு குடும்பத்துக்கே போதுமாக்க இது உதவியது. கால் கிலோ கறியில் உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பெரிய குடும்பத்துக்குக் குழம்பு வைத்த நம் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப்பும் அப்போதுதான் கூடியது. முன்பு தேனும் பேரிக்காயும் தந்த இனிப்பைச் சர்க்கரை தர ஆரம்பித்தது. 1953இல் பூசானில் சர்க்கரை ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வேறு ஊர்களில் பழைய முறை நின்றது. தெற்கே குவாங்யாங்கில் மெல்லிய கறியைச் சுடுவதற்குச் சற்று முன்பு மட்டும் மசாலாவில் பிரட்டிக் கரி நெருப்பில் வாட்டுவார்கள். உல்சான் அருகே ஒன்யாங்கில் கம்பி வலையில் சுடுவார்கள். 1960களின் இறுதியில் சியோல்–பூசான் விரைவுச்சாலை போட வந்த தொழிலாளர்கள் ஒன்யாங் புல்கோகியின் புகழை நாடெங்கும் கொண்டுபோனார்கள் என்பார்கள்.

சோற்றின் கதை

சோறும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் கொரிய அரிசி கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போயிற்று. விளைவித்தவர்கள் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைச் சாப்பிட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் பஞ்சம் தீரவில்லை. 1960களிலும் 70களிலும் அரிசியோடு பார்லி முதலியவற்றைக் கலந்தே சமைக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. உணவகங்களில் வாரம் இரண்டு நாட்கள் அரிசிச் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு. பள்ளியில் ஆசிரியர்கள் டிபன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வெறும் வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

இதை மாற்றிய நெல்லுக்கு நாமும் ஒரு வகையில் உறவு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8, நம் டெல்டா வயல்களிலும் விளைந்தது. மூத்தவர்கள் பலருக்கு ரேஷன் கடையோடு சேர்த்து நினைவிருக்கும். அதே நிலையத்தில், சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோ முன்ஹோ, ஐ.ஆர்.8ஐ ஒரு பெற்றோராக வைத்து உருவாக்கிய நெல்தான் 'தோங்கில்'. 1972 முதல் கொரியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டது. 1977இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. வயிறு நிறைந்ததும், சோறு ஒட்டவில்லை, ருசியில்லை என்ற குறை வந்தது. ஐ.ஆர்.8 சோற்றைப் பற்றி நம் வீடுகளில் சொன்னதும் அதேதான். சில ஆண்டுகளில் தோங்கில் வயலைவிட்டுப் போயிற்று. பசியை நிறுத்திய நெல்லை யாரும் விருந்துக்குச் சமைப்பதில்லை.

அதே காலத்தில் உழவு இயந்திரம் வந்து ஏர் மாட்டின் வேலை தீர்ந்தது. வருமானமும் கூடியது. நடுத்தரக் குடும்பம் விசேஷ நாளில் புல்கோகி செய்ய முடிந்தது.

அடுக்குமாடியில் நெருப்பு

சியோலில் முதல் அடுக்குமாடி வளாகமான மாபோ குடியிருப்பு 1962இல் குடியேறத் தயாரானது. இன்று கொரியாவின் வீடுகளில் பாதிக்கு மேல் அடுக்குமாடி வீடுகள். முற்றம் போனதும் முற்றத்தில் இருந்தவையெல்லாம் சிக்கலாயின. சோயா சாஸ் ஊறும் மண்ஜாடிகள் பால்கனிக்கு ஏறின. வீட்டில் சோயா காய்ச்சுவது குறைந்து, கடைப் புட்டி வந்தது. கிம்ச்சிக்குத் தனி ஃபிரிட்ஜே வந்துவிட்டது. புல்கோகி கரியைவிட்டு கேஸ் அடுப்பின் வாணலிக்கு மாறியது. சோற்றின் மேல் சாறோடு ஊற்றிக் கொடுக்கும் 'புல்கோகி தொப்பாப்' இன்று வேலைக்குப் போகிறவர்களின் மதியச் சாப்பாடு. பேர் நெருப்புக் கறி என்றாலும், கொரியர்களே வீட்டுக்குள் பெரும்பாலும் வாணலியில்தான் செய்கிறார்கள். இதை என் மகளிடம் சொன்னபோது, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

புகையில்லாமல் செய்யும் முறை

இரண்டாம் முறை நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். நான்கு பேருக்கு எலும்பில்லாத கறி அரை கிலோ. ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பாதி இறுகியதும், நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிய வேண்டும். ஐந்து மேஜைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு வெங்காயம், மிளகுத்தூள், துருவிய அரைப் பேரிக்காய். உப்பு வேண்டாம், சோயாவில் போதுமான அளவு இருக்கிறது. பேரிக்காய் கறியை மிருதுவாக்கும். நாம் பப்பாளிக்காய் அரைத்துப் பூசுவதும் இதற்குத்தான், ஆனால் பப்பாளி வேகம் அதிகம், இதில் ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் கறி குழைந்துவிடும்.

கொரியர்கள் வறுத்த எள்ளின் எண்ணெயை ஊற்றுவார்கள். நம் செக்கு நல்லெண்ணெய் அவ்வளவு மணக்காது. கடைசியில் வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினால் ஈடாகிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் பெருகின. அதனால் அவர்களுடைய எண்ணெயும் குட்டை அரிசியும் இங்கேயே கிடைக்கின்றன.

ஒரு மணி நேரம் ஊறியதும் கனமான இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், வதங்காது. ஒரு தொகுதிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். பொன்னி அரிசி என்றால் வடிக்காமல், சற்றுக் குழைவாக வைத்தால் சாறு பிடிக்கும். மாட்டுக்கறி வேண்டாதவர்கள் கோழியிலும், கறியே வேண்டாதவர்கள் காளானிலும் இதே மசாலாவில் செய்யலாம். கொரியாவிலும் அப்படிச் செய்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மேல் வீட்டு அக்காவிடம், "புகை வந்ததா?" என்று பிறகு கேட்டேன். "எப்ப பண்ணீங்க டீச்சர்?" என்றார்.

பொதுக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

வரும் பொதுக்குழுவில் பால்கனியில் கரி, விறகு அடுப்பு கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது. நான் அதற்குக் கை தூக்குவேன். அது பைன் தோப்பு விதி. எல்லாருக்கும் ஒன்றுபோல், புகையை மட்டும் பார்க்கும் விதி.

கேட்டில் நடப்பது வேறு. எழுதாத விதி, யார் போட்டது என்று தெரியாத விதி, ஆளைப் பார்த்துப் போடும் விதி. ஜின்ஜுவில் கறியை வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதவர்களும் எழுதி வைத்துக்கொண்டா செய்தார்கள்? ஆகவே இரண்டாவதாக ஒரு தீர்மானம் தர விரும்புகிறேன். பொருள் கொண்டுவரும் யாராக இருந்தாலும், பதிவேட்டில் பெயர் எழுதி, வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒரே முறையில் மேலே அனுப்ப வேண்டும். யாரையும் மேலே விடக் கூடாது என்றால் அதுவும் சரி, கூரியர்க்காரரும் டிபன்காரரும் சேர்ந்தே கீழே நிற்கட்டும். தராசு சமமாக இருந்தால் போதும். செக்யூரிட்டி அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கேட்டதைச் செய்தவர். சொன்னவர்கள் நம்மில்தான் இருக்கிறோம்.

தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். பி பிளாக் முதல் மாடிக்கு வந்து சொல்லுங்கள். காபி உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் புல்கோகியும் இருக்கலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.